கலைக்கும் ஒரு நிலைநிதி வேண்டும்

வருகின்ற பேரவைக் கூட்டத்தில் ஆலோசனைக்கு வரவிருக்கும் விஷயங்களுள் ஒன்றைப் பற்றி நமது அங்கத்தினர்களிடையே இப்போதே பேச்சு எழுந்துள்ளது. சங்கத்தின் பொது நல நிதியில் சேர்ந்திருக்கும் சிறு தொகையை ஆண்டு விழாவன்று ஒரு மெல்லிசைக் கச்சேரிக்குச் செலவிட வேண்டும் என்பது ஒரு சாராரின் விருப்பம். அப்படி ஓர் இரவில் கரைத்துவிடாமல், கலைஞர்களுக்கென்று மாநில அளவில் ஒரு நிரந்தர நிதி ஏற்படவேண்டுமென்று தீர்மானம் செய்து, அதற்கு நம் பங்காக இத்தொகையை ஒதுக்கி வைக்கலாம் என்பது மற்றொரு சாராரின் யோசனை. இரு சாராரும் நம்மவர்களே. ஆயினும் இவ்விஷயத்தில் நாம் இரண்டாவது சாராரின் பக்கமே நிற்கிறோம் என்பதைத் தொடக்கத்திலேயே கூறிவிடுவது நேர்மை. அதற்கான காரணங்களை அங்கத்தினர்கள் பொறுமையுடன் படித்துப் பார்க்க வேண்டுகிறோம்.

நம் மாநிலத்தில் இசை, நாடகம், கூத்து முதலியவற்றைப் பேணுவதற்கென்று சர்க்காரால் ஏற்படுத்தப்பட்ட ஸ்தாபனம் தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம். டெல்லியில் 1953-ம் ஆண்டு சங்கீத நாடக அகாடமி தொடங்கிவைக்கப்பட்டதை அடுத்து, 1955-ம் ஆண்டில் சென்னை மாநில சங்கீத நாடக சங்கம் என்ற பெயருடன் இது பிறந்தது. இன்று அது கலைமாமணி விருதினால் பட்டி தொட்டியெல்லாம் அறியப்பட்டிருக்கின்றது. விருது தவிர, கலைக்குழுக்களுக்கு உதவி, வறிய கலைஞர்களுக்கு ஆதரவு, நிகழ்ச்சிகளுக்கு வாய்ப்பு என்று அதன் வேலைகள் பல. இவற்றுக்கு வேண்டிய பணம் பெரும்பாலும் ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டத்தில் சர்க்கார் ஒதுக்கும் மானியத்திலிருந்தே வருகின்றது. மானியம் வருவது நல்லதே. அதைக் குறை கூற நாம் வரவில்லை. ஆனால் மானியம் என்பது மழை. ஒட்டன்சத்திரத்துக் குடியானவனுக்கு மழையின் குணத்தை நாம் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. பெய்தால் பெய்தது. பெய்யாத ஆண்டில் தோட்டத்தைக் காப்பது கிணறு. நம் கலைகளுக்கு மானியம் என்ற மழை உண்டு. நிலைநிதி என்ற கிணறு இல்லை.

கிணறு இல்லாத தோட்டம் என்னவாகும் என்பதை 2020-ம் ஆண்டு காட்டிற்று. அவ்வாண்டு மார்ச் மாதம் 25-ம் தேதி நாடெங்கும் ஊரடங்கு தொடங்கியது. பங்குனி, சித்திரை, வைகாசி என்று அடுத்து வந்தவை அத்தனையும் திருவிழா மாதங்கள். தேர் இல்லை, காப்புக்கட்டு இல்லை, கிடாவெட்டு இல்லை. உறுமியும் தப்பட்டையும் நையாண்டி மேளமும் ஆண்டின் கஞ்சியைச் சேர்த்துக்கொள்வது இந்த மூன்று மாதங்களில்தான் என்பதை விழா பார்க்கப் போகும் நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்? நம் வட்டாரத்தில் நாம் அறிந்த முதியவர் ஒருவர், தம் தகப்பனார் வைத்துச் சென்ற உறுமியைப் பரண்மேல் ஏற்றிவிட்டு, காய்கறி மார்க்கெட்டில் மூட்டைக்கு இவ்வளவு என்று இறக்குக் கூலிக்குச் சென்றார். ஊரடங்கு நீங்கியபின் மறுபடி விழாக்கள் வந்தன. அவருடைய மகன் உறுமியை எடுக்கவில்லை. கேரளத்திற்குப் போகும் லாரியில் முருங்கை ஏற்றினால் நாள் தவறாமல் கூலி உண்டு. உறுமியில் என்ன உண்டு என்று கேட்டான். அவனுக்கு நாம் என்ன பதில் கூற முடியும்? கூறத் தெரியாமல்தான் இக்கட்டுரையை எழுதத் தொடங்கினோம்.

நிலைநிதி என்பது வெளிநாட்டிலிருந்து வந்த சரக்கு என்று யாரும் எண்ண வேண்டாம். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து செல்லும் அடியார் கூட்டம் நம் ஊர் வழியாகவே செல்கின்றது. அவர்களுள் வசதி படைத்த ஒருவர் கோயிலில் 'கட்டளை' வைக்கிறார் என்றால் அதன் பொருள் என்ன? ஒரு தொகையைக் கொடுத்துவிடுகிறார். அத்தொகையை எவரும் தொடுவதில்லை. அதன் வட்டியில் அவர் குறித்த நாளில், குறித்த பூசையோ அன்னதானமோ ஆண்டுதோறும் நடைபெறுகின்றது. முதல் கிடக்கின்றது, பலன் நடக்கின்றது. இதுவே நிலைநிதி.

இன்னும் பின்னோக்கிச் சென்றால், சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் இதனினும் அழகான ஏற்பாட்டைக் காண்கிறோம். கோயிலில் ஒரு நந்தாவிளக்கு எரிக்க விரும்பியவர் 96 ஆடுகளைக் கொடுத்தார். அவற்றை ஏற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்கவேண்டும். ஆடு கிழடாகும், செத்தும் போகும். ஆனால் குட்டிகளைக் கொண்டு மந்தையின் எண்ணிக்கையை 96-க்குக் குறையாமல் வைத்துக்கொள்வது இடையரின் பொறுப்பு. ஆகவேதான் அவ்வாடுகளுக்குச் 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். சாகாத, மூப்படையாத ஆடு! கணக்கப்பிள்ளையும் கவிஞனும் சேர்ந்து வைத்த பெயர் போல் இருக்கின்றது.

விளக்குக்கு ஆடு என்றால், கலைக்கு நிலம். 1010-ம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் ஆடல் மகளிர் 400 பேரைக் குடியமர்த்தினான். ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு. ஒரு பங்கென்பது ஒரு வேலி நிலத்தின் விளைவாகிய 100 கலம் நெல். அவர்களுடன் நட்டுவர், பாடுவோர், கொட்டு முழக்குவோர், தையற்காரர், கணக்கர் என்று பலருக்கும் பங்குகள் வகுக்கப்பட்டன. பங்கு பெற்றவர் இறந்தால் அவரின் நெருங்கிய உறவினர் அதைப் பெற்றுப் பணி செய்யலாம். அவ்வுறவினருக்குத் தகுதியில்லையேல் தகுதியுள்ள வேறொருவரைத் தேர்ந்து வைக்கவேண்டும் என்றும் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். பின்னர் இரண்டாம் இராசேந்திரன் காலத்தில் அக்கோயிலில் இராசராசேசுவர நாடகம் ஆடுவதற்கென்று நாளொன்றுக்கு ஒரு தூணி வீதம் ஆண்டுக்கு 120 கலம் நெல் ஒரு கூத்தனுக்கு விதிக்கப்பட்டது. மானியம் எப்போது வரும் என்று அந்தக் கூத்தன் தலைநகரத்தின் படிக்கட்டுகளை ஏறி இறங்கியிருக்கமாட்டான்.

அக்காலத்தைப் பொற்காலம் என்று புகழ்ந்து மயங்குவது நம் நோக்கமன்று. அந்த நெல்லை விளைவித்தவனுக்குப் பங்கு எவ்வளவு என்ற கேள்வியைக் குடியானவர் பத்திரிகை கேளாமல் விடலாகாது. பிறப்பினாலேயே ஒருவரை ஒரு தொழிலில் கட்டிப்போட்ட ஏற்பாடும் அதில் கலந்திருந்தது. இனாம் ஒழிப்புச் சட்டங்கள் வந்து ஊழிய மானியங்களின் காலம் முடிந்ததற்காக நாம் கண்ணீர் வடிக்கவில்லை. ஆனால் பழைய பாவை அறுத்துவிட்டு, புதிய பாவு ஓடாமலே தறியில் உட்கார்ந்தால் ஊடை எதைப் பற்றும் என்று சின்னாளபட்டி நெசவாளர் எவரையும் கேட்டுப் பாருங்கள். மன்றத்தின் ஆண்டு மானியம் ஊடை. பாவு ஓட்டும் வேலையை நாம் செய்யாமல் விட்டோம்.

நிற்க. ஆட்டுக்கும் ரூபாய்க்கும் ஒரு வேற்றுமை உண்டு. ஆடு மூப்படையாமல் குட்டிகள் காத்தன, ரூபாய் மூப்படைகின்றது. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் ஒருவர் பெருந்தொகை என்று எண்ணி வைத்த கட்டளையின் வட்டி, இன்று விளக்குக்கு ஒரு வார எண்ணெய் வாங்கக் காணாது. தஞ்சைக் கல்வெட்டுகள் இதற்கும் ஒரு வழி வைத்திருக்கின்றன. கோயில் பண்டாரத்துக் காசை ஊர்ச் சபைகள் கடனாகப் பெற்றன. வட்டி காசொன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு, அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை. பல ஊர்கள் அதைக் காசாகக் கொடாமல், காசொன்றுக்கு மூன்று குறுணி நெல்லாகவே அளந்தன. விலை ஏறினாலும் இறங்கினாலும் மூன்று குறுணி மூன்று குறுணிதானே!

இன்று நெல்லால் வட்டி வாங்க முடியாது. கணக்கால்தான் காக்கவேண்டும். ஒரு லட்சம் ரூபாயை நூற்றுக்கு 7 வட்டிக்கு வைத்தால் ஆண்டுக்கு 7,000 ரூபாய் கிடைக்கும். விலைவாசி ஆண்டுக்கு நூற்றுக்கு 5 ஏறுகின்றதென்று வைத்துக்கொள்வோம். அப்போது 5,000 ரூபாயை முதலிலேயே மறுபடி சேர்த்தால்தான் முதலின் பலம் குன்றாது. செலவுக்கு மிஞ்சுவது 2,000 ரூபாய். 'ஏழாயிரமும் வருகின்றதே, ஏன் செலவிடக்கூடாது?' என்று கேட்டு முழுவதையும் செலவிட்டால், பதினான்கு பதினைந்து ஆண்டுகளில் அதே ஏழாயிரம் பாதிப் பொருளே வாங்கும். குட்டிகளையும் விற்றுத் தின்ற இடையனின் மந்தை போல் ஆகும். அறக்கட்டளை வைத்தவர்களில் பலர் இந்த ஒரு கணக்கில்தான் வழுக்கி விழுந்திருக்கிறார்கள்.

இக்கணக்கிலிருந்து இரண்டு உண்மைகள் பெறப்படுகின்றன. ஒன்று, சிறு சிறு நிதிகள் தனித்தனியே நின்றால் பயன் மிகச் சொற்பம். அவை ஒன்றுகூட வேண்டும். கூட்டுறவாளருக்கு இதைப் பிரசங்கம் செய்வது கொல்லன் தெருவில் ஊசி விற்பதாகும். மற்றொன்று, ஆண்டுக்கு ஒரு கோடி ரூபாய் முதல் குன்றாமல் செலவிடவேண்டுமானால் இக்கணக்குப்படி 50 கோடி ரூபாய் மூலதனம் வேண்டும். அது தனியார் ஒருவராலோ, நம் போன்ற சங்கங்களாலோ மட்டும் ஆகக்கூடியதன்று. சர்க்காரும் கை கொடுக்கவேண்டும்.

சர்க்காரும் பொதுஜனங்களும் சேர்ந்து வைக்கும் நிதிக்குச் சட்டம் தடையா என்றால், இல்லை. 1890-ம் ஆண்டின் தர்ம நிலைநிதிச் சட்டம் இன்னும் உயிருடன் இருக்கின்றது. அதன்படி தர்ம காரியத்துக்கென்று வைக்கப்படும் சொத்தைச் சர்க்காரின் பொக்கிஷதார் ஒருவரிடம் ஒப்படைக்கலாம். குறித்த காரியத்துக்கன்றி வேறெதற்கும் அதைப் பயன்படுத்தலாகாது. ஏழைகளுக்கு உதவி, கல்வி, வைத்தியம், மற்றும் பொதுமக்களுக்கு நன்மை தரும் காரியங்கள் யாவும் அதில் அடங்கும். நம் இயக்கத்தோடு இச்சட்டத்துக்கு ஒரு பழைய உறவு உண்டு என்பதை அங்கத்தினர்கள் பலர் அறியார். 1912-ம் ஆண்டின் கூட்டுறவுச் சங்கச் சட்டத்தின் 34-வது பிரிவு, சங்கத்தின் நிகர லாபத்தில் நான்கிலொரு பங்கைச் சேமநிதிக்குக் கொண்டு சென்றபின், எஞ்சியதில் நூற்றுக்குப் பத்துக்கு மேற்படாமல் தர்ம காரியத்துக்கு அளிக்கலாம் என்று பதிவாளரின் அனுமதிக்கு உட்பட்டு இடம் தந்தது. எது தர்ம காரியம் என்பதற்கு அப்பிரிவு சுட்டிய இலக்கணம் இதே 1890-ம் ஆண்டுச் சட்டத்தில் உள்ளதே. சட்டங்கள் பின்னர் மாறின. ஆயினும் சங்கத்தின் லாபத்தில் ஒரு துளி ஊருக்கு உரியது என்ற எண்ணம் நம் இயக்கத்தின் தொட்டிலிலேயே இருந்தது.

அதே 1890-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்தான் மத்திய சர்க்கார் 1996-ம் ஆண்டு நவம்பர் மாதம் 28-ம் தேதி தேசியப் பண்பாட்டு நிதியை ஏற்படுத்திற்று. சர்க்காரின் மூலதனம் 19.50 கோடி ரூபாய். தனியார் அளிக்கும் நன்கொடைக்கு வருமான வரிச் சலுகையும் உண்டு. யோசனை நல்ல யோசனை. ஆனால் தனியார் பணம் எங்கே சென்றது என்று பார்த்தால் சிந்திக்க வேண்டியிருக்கின்றது. டெல்லியில் ஹுமாயூன் கல்லறையின் தோட்டம் ஆகா கான் அறநிலையத்தின் உதவியால் 2003-ல் அழகாகப் புதுப்பிக்கப்பட்டது. தாஜ்மகாலுக்கும் உதவி செய்யப் பெரிய கம்பெனிகள் முன்வந்தன. நாம் மகிழ்கிறோம். ஆனால் தனியார் பணம் தானாகவே போகவிட்டால் புகழுள்ள கல்லைத் தேடிச் செல்லுமே தவிர, கள்ளிமந்தையம் பக்கம் தேவதுந்துபி கொட்டித் தேவராட்டம் ஆடும் மனிதனைத் தேடி வராது. கல்லுக்குப் பக்கத்தில் பெயர்ப் பலகை வைக்கலாம். மனிதனின் முதுகில் வைக்க முடியாதல்லவா?

கம்பெனிகளின் பணத்தைப் பற்றி இன்னொன்று. 2013-ம் ஆண்டின் கம்பெனிச் சட்டம், பெரிய கம்பெனிகள் தம் சராசரி லாபத்தில் நூற்றுக்கு 2 பங்கைச் சமூக நலனுக்குச் செலவிடவேண்டும் என்று விதித்தது. அச்சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் கலையும் பண்பாடும், பாரம்பரியக் கலைகளும் கைத்தொழில்களும் இடம்பெற்றிருக்கின்றன. நமக்கு நல்ல காலம் பிறந்தது என்று எண்ணினோம். ஆனால் 2021-ம் ஆண்டு முதல் அப்பணத்தை எந்த ஸ்தாபனத்தின் மூலதனமாகவும் கொடுத்தால் கணக்கில் ஏற்கப்படாது என்று ஏற்பட்டிருக்கின்றது. பணத்தைக் கொடுத்துவிட்டு முடக்கி வைப்பவர்களைத் தடுக்க அவ்விதி வந்திருக்கலாம். நோக்கம் எதுவாயினும் விளைவு இதுதான்: கம்பெனி விழா நடத்தலாம், பந்தல் போடலாம், கிணறு மட்டும் வெட்டக்கூடாது. கலை நிலைநிதிக்கேனும் இதில் விலக்கு அளிக்கப்படவேண்டும் என்று கேட்பது நியாயமே.

வெளியில் எப்படிச் செய்கிறார்கள்? அமெரிக்காவில் மக்காச்சோளமும் மாடும் மிகுந்த நெப்ராஸ்கா மாநிலம் நம்மைப் போல் குடியானவர் நாடு. அங்கே 1998-ம் ஆண்டில் மாநிலச் சர்க்கார் கலைக்கென்று ஒரு மூலதனத்தைச் சட்டப்படி ஒதுக்கிற்று. அதன் வருவாய் மாநிலக் கலை மன்றத்துக்கும், அத்துடன் மொழி, வரலாறு முதலியவற்றைப் பேணும் மற்றொரு மன்றத்துக்கும் செல்கின்றது. ஆனால் ஒரு நிபந்தனை: தனியாரும் தம் பங்கைக் கொண்டுவந்து சேர்க்கவேண்டும், அதற்கு ஈடாகவே சர்க்கார் நிதியின் வருவாய் விடுவிக்கப்படும். நம் கைத்தறிச் சங்கங்களின் சேமிப்புத் திட்டத்தில் நெசவாளர் கூலியில் ரூபாய்க்கு இவ்வளவு பைசா என்று செலுத்த, சர்க்கார் தன் பங்கைச் சேர்க்கின்றதே, அதே முறைதான்.

நம் சர்க்காருக்கும் இம்முறை தெரியாததன்று. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இருக்கை அமைக்க 60 லட்சம் டாலர் மூலதனம் வேண்டியிருந்தது. அங்குள்ள தமிழ் மருத்துவர் இருவர் ஆளுக்கு 5 லட்சம் டாலர் கொடுத்துத் தொடங்கினர். உலகெங்கும் உள்ள தமிழர்கள், பெரும் செல்வர் முதல் பள்ளிப் பிள்ளைகள் வரை, கொடுத்தனர். 2017-ல் தமிழக அரசு 10 கோடி ரூபாய் அளிக்க முன்வந்தது. 2018-ல் இலக்கு நிறைவேறிற்று. முதலைத் தொடாமல் வருவாயில் ஒரு பேராசிரியர் என்றென்றும் தமிழ் கற்பிக்கலாம். கடல் கடந்த ஓர் ஊரில் தமிழ் நிலைபெறுவதற்குப் பொதுப்பணமும் தனியார் பணமும் கைகோத்தன என்றால், அத்தமிழைக் கூத்தாகவும் கும்மியாகவும் உயிருடன் வைத்திருப்பவர்களுக்கு உள்ளூரில் அது ஏன் ஆகாது? ஹார்வர்டுக்குக் கொடுத்தது தவறென்று நாம் கூறவில்லை. வீட்டிலும் ஒரு விளக்கு வேண்டும் என்கிறோம்.

இதில் உள்ள அபாயங்களை மறைப்பதும் சரியன்று. நிலைநிதி வந்துவிட்டது, இனி மானியம் எதற்கு என்று ஏதேனும் ஒரு சர்க்கார் கையை இழுத்துக்கொள்ளலாம். மேலே கண்ட கணக்கின்படி, நிலைநிதியின் வருவாய் மானியத்தின் இடத்தை நிரப்பக்கூடியதே அன்று. கிணறு வெட்டியவனுக்கு மழை வேண்டாம் என்பது போலாகும். ஆகவே மானியம் குறையலாகாது என்று சட்டத்திலேயே எழுதவேண்டும். பெருந்தொகை கொடுத்தவர், இன்னாருக்கு விருது கொடு, இன்ன கூத்தை ஆடாதே என்று அதிகாரம் செலுத்தலாம். கொடுத்தவருக்கு ரசீதும் நன்றியும் உண்டு. தேர்வுக் குழுவில் நாற்காலி இல்லை என்று வைக்கவேண்டும். எல்லாவற்றிலும் பெரிய அபாயம், வருவாய் முழுவதும் சென்னைச் சபாக்களிலேயே தங்கிவிடுவது. சபைக் கச்சேரியும் நம் கலையே. அதற்குப் புரவலர் பலர் உண்டு. பறைக்கும் உறுமிக்கும் தோற்பாவைக்கும் எத்தனை பேர்? பங்கு வகுக்கும்போது ஒவ்வொரு ஜில்லாவுக்கும் ஒரு குறைந்த அளவு உறுதி செய்யப்படவேண்டும். தகுதியுள்ள இளைஞன் முதியவரிடம் பயிலும் காலத்தில் அவ்விருவருக்கும் மாத ஊதியம் தருவது அதன் முதற் செலவாக இருக்கவேண்டும் என்பது நம் அபிப்பிராயம். இராசராசனின் கல்வெட்டு எழுதினவர்கள் அடுத்த ஆளைப் பற்றி யோசித்ததைப் போல் நாமும் யோசிக்கலாம்.

'நூல் விலை ஏறுகின்றது. தக்காளி விலை சரிந்தால் பறிகூலிக்கும் காணாமல் ரோட்டோரம் கொட்டுகிறோம். நம் பணத்தில் கலைக்கா?' என்று ஓர் அங்கத்தினர் நம்மைக் கடிந்துகொண்டார். கேள்வி நியாயமானது. பதிலும் உண்டு. நூல் வாங்கும் பணத்தையோ, பயிர்க்கடன் பணத்தையோ எவரும் கேட்கவில்லை. பொது நல நிதி என்று ஏற்கெனவே ஒதுக்கிய பணம் அது; செலவாகத்தான் போகின்றது. ஓர் இரவில் ஒலிபெருக்கியோடு போவதா, இருந்து பலன் தருவதா என்பதே கேள்வி. மேலும், தறியில் கரை போடுகிறவரைப் பார்த்து, கலை என்பது வேறு யாருடையதோ என்று பேசுவது நமக்கு அழகன்று.

ஆகவே பேரவையில் பின்வருமாறு தீர்மானிக்கலாம் என்று யோசனை கூறுகிறோம். இயல் இசை நாடக மன்றத்துக்கென்று, ஆண்டு மானியத்துக்கு மேற்பட்டு, ஒரு நிலைநிதியைச் சட்டப்படி ஏற்படுத்துமாறும், தனியாரும் சங்கங்களும் அளிக்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ஒரு ரூபாய் சேர்க்குமாறும் மாநிலச் சர்க்காரைக் கேட்டுக்கொள்வது. அந்நிதி ஏற்படும் வரை, இவ்வாண்டுப் பொது நல நிதித் தொகையை, நடப்பிலுள்ள விதிகளுக்கும் பதிவாளரின் அனுமதிக்கும் உட்பட்டு, மத்தியக் கூட்டுறவு வங்கியில் தனிக் கணக்காக வைப்பது. அதன் வட்டியில் செலவுக்கு எவ்வளவு, முதலுக்கு எவ்வளவு என்பதை மேற்கண்ட கணக்கின்படி பிரிப்பது. அண்டைச் சங்கங்களுக்கும் இத்தீர்மானத்தின் நகலை அனுப்புவது.

ஆண்டு விழாவில் பாட்டே வேண்டாமா என்று மெல்லிசைக் கச்சேரியை விரும்பும் இளைஞர்கள் மனம் நோகலாம். வேண்டும். அவ்விழாவுக்கு நம் வட்டாரத்து உறுமிக் குழுவை அழைத்து, மெல்லிசைக் குழுவுக்குக் கொடுக்க எண்ணியதில் கால் பங்கைக் கொடுத்தாலும் அவர்கள் மகிழ்ந்து வருவார்கள். ஆனால் கால் பங்கு கொடுப்பது நமக்கு வெட்கம். நியாயமான சம்மானத்துக்கு விழாச் செலவிலேயே இடமிருக்கின்றது என்று காரியதரிசி கூறுகிறார். பரணிலிருந்து அந்த உறுமியை இறக்கித் தோல் மாற்ற இரண்டு வாரமாவது பிடிக்குமாம். ஆகையால் தீர்மானத்தைப் பற்றி யோசிக்க அவகாசம் எடுத்துக்கொண்டாலும், விழாவுக்கு யாரை அழைப்பது என்பதை மட்டும் அங்கத்தினர்கள் இம்மாத இறுதிக்குள் சங்க ஆபீஸில் தெரிவிக்க வேண்டுகிறோம்.